எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டலாமா?

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தங்கை கல்யாணத்துச் சீருக்காகக் கும்பகோணத்தில் ஒரு 43 அங்குல டிவியும் டபுள் டோர் ஃபிரிட்ஜும் எடுத்திருக்கிறார். டிவி 31,000, ஃபிரிட்ஜ் 29,000. பில் போடும்போது கவுண்டரில் இருந்தவர், கம்பெனி வாரண்டி முடிந்தபிறகும் பழுதைப் பார்த்துத் தருகிற எக்ஸ்டெண்டட் வாரண்டியைக் காட்டி, "டிவிக்கு 3,200, ஃபிரிட்ஜுக்கு 2,900 சேர்த்துக் கட்டிடுங்க சார், மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லை. உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போச்சுன்னா பதினைஞ்சாயிரம் ஆகும்" என்றாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கட்டலாமா, வேண்டாமா என்று கேட்கிறார். அவர் கேட்பதன் உள்ளே இருப்பது வேறு ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. பொருள் கெட்டுப்போகிற நாளில் இந்தப் பேப்பர் நமக்காகப் பேசுமா என்பதுதான் அது.

நான் 27 வருடமாக மன்னார்குடியில் டிவி, ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிறேன். அதற்கு நடுவில் நாலு வருடம் ஒரு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். வாரண்டியில் வருகிற பொருளைத் திறந்து பார்த்து, ஜாப் ஷீட் என்கிற பழுது விவரத் தாளில் 'ஓகே' அல்லது 'ரிஜெக்ட்' என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். அதனால் இந்தப் பேப்பரை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேஜைக்கு வருவதெல்லாம் கெட்டுப்போன பொருள்தான். பத்து வருடம் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடுகிற ஃபிரிட்ஜை யாரும் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவதில்லை. என் பேச்சில் அந்த ஒரு சாய்வு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. "மூணு வருஷம்" என்று கவுண்டரில் சொல்வதில் பெரும்பாலும் முதல் வருடம் கம்பெனி சும்மா தருவது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இரண்டாவது, மூன்றாவது வருடத்தை மட்டும். மின்சாதனங்கள் கெடுகிற விதத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. தயாரிப்பில் குறை இருந்தால் முதல் சில மாதங்களிலேயே பல்லைக் காட்டிவிடும், அது கம்பெனி செலவு. அதற்குப் பிறகு சில வருடம் அமைதியாக ஓடும். ஆறு, ஏழு வருடம் தாண்டினால் தேய்மானத்தில் மறுபடி தொல்லை ஆரம்பிக்கும். கூடுதலாக விற்கப்படும் அந்த இரண்டு வருடம் சரியாக நடுவில் இருக்கிற அமைதியான காலம். பிள்ளைப் பிராயமும் இல்லை, கிழப் பிராயமும் இல்லை. கட்டுகிற பணத்துக்கு ஆபத்து குறைவான காலத்தைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் டிவிக்கு வரக்கூடிய பழுது பெரும்பாலும் பேக்லைட் ஸ்ட்ரிப், திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருகிற விளக்குப் பட்டை. சத்தம் வரும், படம் தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தால் திரைக்குள் மங்கலாக உருவம் அசையும். 43 அங்குலத்துக்கு ஸ்ட்ரிப் மாற்ற எங்கள் பக்கம் ஏறக்குறைய 2,500 முதல் 3,500 வரை வாங்குகிறோம். நீங்கள் கட்டப்போவது 3,200. ஆக, பேக்லைட் போவது நிச்சயம் என்று தெரிந்தால்கூட இந்த வியாபாரம் சமன்தான். பேனல், அதாவது திரையே போனால் கதை வேறு. டிவி விலையில் பாதிக்கு மேல் பேனல் விலையே நிற்கும், 16,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,200 கட்டுவது அப்போது லாபமாக இருக்க, ஐந்து வீட்டில் ஒரு வீட்டு டிவிக்காவது இரண்டாவது மூன்றாவது வருடத்தில் பேனல் தானாகவே செத்துப்போக வேண்டும். உங்கள் தெருவில் ஐந்து வீட்டை எண்ணிப் பாருங்கள். அப்படி நடக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 'தானாகவே' என்ற வார்த்தையும் முக்கியம். குழந்தை பந்து எறிந்து உடைந்த பேனலை எந்த வாரண்டியும் மாற்றித் தராது. அதற்கு விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், அது வேறு பேப்பர், வேறு காசு.

ஃபிரிட்ஜில் இன்னொரு மயக்கம் இருக்கிறது. கதவில் '10 வருட வாரண்டி' என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது கம்ப்ரசர் என்கிற அந்தக் கறுப்பு உருண்டைக்கு மட்டும். நாலாவது வருடம் கம்ப்ரசர் போனால் கம்ப்ரசர் இலவசமாக வரும். பெரும்பாலும் கேஸ், ஃபில்டர், கூலி, வண்டி வாடகை எல்லாம் நம் கணக்கு. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் கம்ப்ரசரை ஓட்டுகிற போர்டும் பெரும்பாலும் அந்தப் பத்து வருடத்தில் சேராது. கவுண்டர்காரர் போர்டைச் சொல்லிப் பயமுறுத்தியதில் உண்மை கொஞ்சம் இருப்பது இந்த இடத்தில்தான். ஆனால் 29,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்குப் பதினைந்தாயிரத்தில் போர்டு நான் மாற்றியதே இல்லை. புதுப் போர்டே 4,000 முதல் 7,000-க்குள் முடிந்திருக்கிறது. திருச்சியில் போர்டை எடுத்துப்போய் பாகத்தை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் பாதிகூட ஆகாது. கதவு ரப்பர், பல்பு, கண்ணாடித் தட்டு, பிளாஸ்டிக் கூடை இதெல்லாம் எந்தப் பேப்பரிலும் வராது என்று வைத்துக்கொள்ளலாம். ஃப்ரீசரில் ஐஸ் கட்டிவிட்டது என்று கத்தியை விட்டுக் குத்தி ஓட்டை போட்டாலும் வராது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிங்கிள் டோர் ஃபிரிட்ஜில் கேஸ் போய் என்னிடம் வருவதில் கத்திக் குத்து கேஸ்தான் அதிகம்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கு என்று தனியாக ஒரு சமாசாரம் இருக்கிறது. டெல்டாவில் பொருளைக் கொல்வது பெரும்பாலும் பொருளின் குறை கிடையாது. கரண்ட், எலி, பல்லி, உப்புக் காற்று, புயல். இந்த ஐந்தையும் வாரண்டிப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'இவற்றுக்குப் பொருந்தாது' என்ற வரிசையில் பார்க்கலாம்.

கரண்டை எடுத்துக்கொள்வோம். குறுவைக்கும் தாளடிக்கும் நாற்று விடுகிற நேரத்தில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் எல்லா மோட்டாரும் ஓடும். 230 வர வேண்டிய இடத்தில் 170, 180 என்று வோல்டேஜ் நொண்டும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகி முனகிச் சூடாகும். அதைவிட மோசம் நியூட்ரல் கட். காற்றில் தென்னை மட்டை விழுந்து லைனில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் இடையிலுள்ள 400 வோல்ட்டை அந்தத் தெரு வீடுகள் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும். அதிகம் ஓடுகிற வீட்டுக்குக் குறைவாக, ஒரு பல்பு மட்டும் எரிகிற வீட்டுக்கு 300, 350 என்று பாயும். சுவிட்சை அணைக்காமல் ரிமோட்டில் மட்டும் நிறுத்தி வைத்த டிவி, வைஃபை பெட்டி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே நொடியில் போகும். மறுநாள் காலையில் ஒரே தெருவிலிருந்து ஆறு டிவி என் கடைக்கு வந்திருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் இப்படி ஒரு டிவி வந்தால் நாங்கள் என்ன பார்ப்போம் தெரியுமா? பின்மூடியைக் கழற்றியதும் கரண்ட் உள்ளே நுழைகிற முனைக்குப் பக்கத்தில், சின்ன வில்லை மாதிரி, பெரும்பாலும் நீல நிறத்தில் ஒரு பாகம் நிற்கும். வேரிஸ்டர் என்று பெயர். வோல்டேஜ் எகிறினால் முதலில் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. அது வெடித்துக் கருகியிருந்தால், அதற்கப்புறம் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு போட்டோ, ஜாப் ஷீட்டில் 'வோல்டேஜ் ஏற்ற இறக்கம்' என்று ஒரு வரி. முடிந்தது. காப்பாற்ற வைத்த பாகமே நமக்கு எதிர்சாட்சி சொல்லும். நான் எழுதிய அந்த வரிகள் பொய் இல்லை, கம்பெனி விதிப்படி சரியானவைதான். ஆனால் கவுண்டரில் பணம் வாங்கியபோது அந்த விதியை யாரும் வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டவில்லை.

அறுவடை முடிந்தால் வயல் எலி வீட்டுக்குள் வரும். வாஷிங் மெஷின் அடிப்பக்கம் திறந்திருக்கும், உள்ளே வெதுவெதுப்பு, கடிக்க வயர். போன மாசியில் கூத்தாநல்லூர் பக்கம் ஒரு வீட்டு ஏசி. மூன்றாவது வருடம் நடக்கிறது, எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு நாலாயிரத்துச் சொச்சம் கட்டியிருக்கிறார்கள். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனபிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அவுட்டோர் யூனிட்டின் மேல்மூடியைத் திறந்தேன். போர்டில் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு பல்லி, வால்வரைக் கருகி, ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஜாப் ஷீட்டில் 'பூச்சி, பல்லியால் சேதம், வாரண்டி இல்லை' என்று இருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "பல்லி விழுந்தா பலன் பஞ்சாங்கத்துலதானே இருக்கும், வாரண்டி கார்டுலயுமா போட்டிருப்பாங்க?" என்றார். போட்டிருந்தது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்தவர்களுக்குப் பல்லியோடு உப்புக் காற்றும் சேரும். அவுட்டோர் காயில் அரித்துக் கேஸ் கசிந்தால் 'துரு' என்று எழுதித் தள்ளிவிட வழி இருக்கிறது.

புயலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரை ஏறியபோது இங்கே இருந்த யாருக்கும் அது மறக்காது. கூரை போய் மழையில் நனைந்த டிவி, தென்னை சாய்ந்து நசுங்கிய ஃபிரிட்ஜ் என்று வரிசையாக வந்தன. வாரண்டி நடப்பில் இருந்தவற்றுக்கும் 'இயற்கைச் சீற்றம்' என்று ஒரே பதில்தான். அதற்குக் கம்பெனியைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. வாரண்டி என்பது பொருளின் குறைக்கு, இன்ஷூரன்ஸ் என்பது வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு. இரண்டும் வேறு. புயல், வெள்ளம்தான் உங்கள் பயம் என்றால் 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற பெயரில் ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீடு கிடைக்கிறது. வீட்டுக் கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம்வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, உள்ளே இருக்கிற சாமான்களும் சேரும். வோல்டேஜில் கருகிய போர்டுக்கு மட்டும் அதுவும் உதவாது.

அப்படியானால் வோல்டேஜுக்கு என்ன வழி? ஃபிரிட்ஜுக்கு வோல்டேஜ் எகிறினால் தானாக வெட்டிவிடுகிற ஸ்டெபிலைசர், 2,000 சொச்சம். டிவிக்கு அதே வேலையைச் செய்கிற சின்னது, அதைவிடக் குறைவு. பெட்டிமேல் 'ஹை கட்' இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அது இல்லாத மலிவுச் சரக்கும் விற்கிறது. 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று ஃபிரிட்ஜிலேயே அச்சடித்திருப்பார்கள். அதில் போட்டிருக்கிற வோல்டேஜ் எல்லைக்குள் அது உண்மை, நியூட்ரல் கட் அந்த எல்லைக்குள் நிற்காது. அப்புறம் எர்த். பழைய ஓட்டு வீடுகளில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், அல்லது பைப்பில் ஒரு கம்பியைச் சுற்றி விட்டிருப்பார்கள். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்வது பொருளுக்கு மட்டும் இல்லை, தங்கையின் உயிருக்கும் பாதுகாப்பு. 6,100 ரூபாயில் இவ்வளவையும் செய்து மிச்சமும் இருக்கும்.

சரி, யாருக்குமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. என் சொந்த அண்ணன் மகனுக்கு 65 அங்குல டிவி வாங்கியபோது நானே கட்டச் சொன்னேன். பேனல் விலை பெரிது, அந்த அளவுக்கு வெளியில் பேனல் கிடைப்பதும் கஷ்டம். நாலு கதவு ஃபிரிட்ஜ், ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின், பெரிய இன்வெர்ட்டர் ஏசி இவற்றுக்கும் யோசிக்கலாம். போர்டும் மோட்டாரும் கம்பெனியிடம்தான் வரவேண்டும், வெளியே என்னைப் போன்றவர்கள் கைவைக்கத் தயங்குவோம். ஒரே நேரத்தில் பத்தாயிரம் புரட்ட முடியாத குடும்பமாக இருந்தால், கணக்கில் நஷ்டமாக இருந்தாலும் நிம்மதிக்காகக் கட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். 32 அங்குல டிவி, சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ், செமி ஆட்டோமேட்டிக் மெஷின், மிக்சி, கிரைண்டர், கீசர் இதற்கெல்லாம் கட்டுவது வீண். கைப்பேசியும் லேப்டாப்பும் என் தொழில் இல்லை, அதில் கருத்துச் சொல்லமாட்டேன்.

கட்டுவது என்று முடிவு செய்தால், யார் தருகிற பேப்பர் என்று பாருங்கள். மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. பொருளைத் தயாரித்த கம்பெனியே தருவது, கடை தன் பெயரில் தருவது, இரண்டும் இல்லாத மூன்றாவது நிறுவனம் தருவது. எனக்கு நம்பிக்கை முதலாவதில்தான், பாகம் அவர்கள் கையில் இருக்கிறது. கடையும் மூன்றாவது நிறுவனமும் தருவதில், பழுது பார்க்க முடியாவிட்டால் என்ன தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்துக்கொண்டு, மீதிக்கு அதே கடையில் பொருள் எடுத்துக்கொள்ளக் கூப்பன் தருகிற பேப்பர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, தங்கை வாழப்போகிற ஊர். பல வாரண்டி கார்டுகளில், சர்வீஸ் சென்டர் இருக்கிற நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தால் பொருளைக் கொண்டுவருவது வாடிக்கையாளர் பொறுப்பு, அல்லது போக்குவரத்துச் செலவு தனி என்று ஒரு வரி இருக்கும். நடைமுறையில் ஆள் வருகிறார், மறுக்கவில்லை. ஆனால் கிராமத்தில் ஃபிரிட்ஜை ஏற்றி இறக்க வண்டிக்கு ஆயிரம் கேட்கும்போது அந்த வரியைத்தான் காட்டுவார்கள்.

இன்றைக்கே முடிவு செய்யவேண்டும் என்ற அவசரமும் இல்லை. பல கம்பெனிகள் முதல் வருட வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் இதை வாங்கிக்கொள்ள விடுகின்றன. உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து, மாடல் எண்ணைச் சொல்லி, விலை என்ன, எந்தத் தேதிவரை வாங்கலாம் என்று கேளுங்கள். கடை சொன்னதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். கவுண்டரில் ஏன் அவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்கு, ஷோரூமில் வேலை பார்க்கிற என் அக்கா மகன் சொன்னதுதான் பதில்: "மாமா, டிவியில கடைக்கு நிக்கிறது ரொம்பக் கம்மி. வாரண்டி ஒட்டிவிட்டாத்தான் எனக்கு மாசக் கடைசியில இன்சென்டிவ்." அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தவணையில் எடுப்பவர்கள் மட்டும் பில்லை நன்றாகப் பாருங்கள், கேட்காமலே வாரண்டித் தொகையைத் தவணையோடு சேர்த்துவிட்ட பில் என் கண்ணில் பட்டிருக்கிறது.

ஏற்கெனவே கட்டி, பேப்பரில் இருப்பதையும் செய்ய மறுக்கிறார்கள் என்றால் சும்மா இருக்கவேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள், பல நேரம் அதிலேயே இறங்கி வருவார்கள். இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி பொருள் வாங்கிய ஊரில்தான் வழக்குப் போடவேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம்வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். அங்கே கேட்கப்படுவது வாய்ப்பேச்சு இல்லை. பில், வாரண்டிப் பேப்பர், ஜாப் ஷீட் மூன்றும். கம்பெனி ஆள் வந்து 'வராது' என்று சொன்னால், அதை ஜாப் ஷீட்டில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி கொடுக்கச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினார் என்றால் அவருக்கே அந்தக் காரணம் உறுதியில்லை என்று அர்த்தம். நான் எழுதிய காலத்திலும் அப்படித்தான்.

உங்கள் இரண்டு பொருளுக்கும் நான் கட்டமாட்டேன், ஸ்டெபிலைசர் வாங்குவேன். நீங்கள் எப்படி முடிவு செய்தாலும் அந்த பில்லை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாக, நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுகிற தாளாக இருந்தால் அது சூட்டில் அச்சடித்த பில். பீரோவுக்குள் வைத்திருந்தாலும் வெளுத்துப்போய் வெறும் தாள் ஆகிவிடும். தேதியும் சீரியல் நம்பரும் தெரிகிற மாதிரி இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து, தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.